எல்லாச் சொல்லும் மூஸா, ஈஸா: ஆங்கில வாக்கியத்தைப் பிரித்தறியக் கற்ற கதை

ஆங்கில மொழிக்கென அச்சில் வந்த முதல் இலக்கண நூல் 1586ஆம் ஆண்டுக்குரியது. எழுதியவர் வில்லியம் புல்லோகர். அந்நேரம் சீபவைஹியின் 'அல்கிதாப்' தோன்றி ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. தொல்காப்பியம் அதனிலும் மூத்தது. இலக்கணம் என்றாலே இங்கிலீஷ்காரனின் சொத்து என்று நம் பிள்ளைகள் மட்டுமன்றி ஆசிரியர்கள் சிலரும் நினைத்துக்கொண்டிருக்கும் நிலையில், இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புல்லோகருக்கு முன்னால் இருந்த மாதிரி, இங்கிலாந்துப் பள்ளிகளில் மாணவர் மனனமிட்டுவந்த வில்லியம் லில்லியின் லத்தீன் இலக்கணம். அந்த அச்சிலேயே அவர் ஆங்கிலத்தை வார்த்தார். அந்த வார்ப்பு ஆங்கில இலக்கணத்தை விட்டு நீங்க முந்நூறு வருடத்துக்கு மேல் சென்றது. நமது வகுப்பறைகளில் இன்றும் அது முழுதாக நீங்கிவிடவில்லை.

நான் தமிழ் படிப்பிப்பவன். ஆங்கில இலக்கணம் பற்றி எழுத உனக்கென்ன உரிமை என்று வாசகர் கேட்கலாம். தரம் பத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் படிப்பிக்கும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை எழும்பி, "சேர், இங்கிலீஷ்லயும் இப்படித்தானா? அதுல எழுவாய எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்கிறது. இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்னொன்றும் உண்டு. சாதாரண தர ஆங்கிலத்துக்கு ஆயத்தமாகும் மௌலவிமார் சிலர், அஸருக்குப் பிறகு எங்கள் ஊரில் ஆங்கில ஆசிரியரான நண்பர் ஒருவரிடம் வருவார்கள். நானும் பக்கத்தில் இருப்பேன். வருடக்கணக்கில் நஹ்வும் ஸர்பும் ஓதியவர்கள், "நமக்கு கிராமர் வராது சேர்" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வரும், கவலையும் வரும். ஒரு வாக்கியத்தைப் பிரித்து, எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று சொல்வதில் இந்த நாட்டில் இவர்களைவிடப் பயிற்சி பெற்ற கூட்டத்தை நான் கண்டதில்லை. இவர்களுக்கு ஆங்கில வாக்கியம் ஏன் பிடிபடாமல் நழுவுகிறது? இதற்கு விடை தேடப்போய்த்தான் நான் இந்த வரலாற்றுக்குள் இறங்கினேன்.

லத்தீனில் ஒரு பெயர்ச்சொல்லின் வேலையை அதன் ஈறு சொல்லும். அறபிலும் அப்படித்தான். ரஃபு வந்தால் ஒரு வேலை, நஸ்பு வந்தால் இன்னொரு வேலை. தமிழில் உருபு சொல்கிறது. 'அலி உமரைக் கண்டார்' என்றாலும் 'உமரை அலி கண்டார்' என்றாலும் கண்டவர் அலிதான். 'ஐ' என்ற உருபு உமரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பழைய ஆங்கிலத்துக்கும் இத்தகைய ஈறுகள் இருந்தன. நோர்மன் படையெடுப்புக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் அவை தேய்ந்து உதிர்ந்தன. இன்று எஞ்சியிருப்பவை 'ஹீ - ஹிம்', 'ஷீ - ஹேர்', 'ஹூ - ஹூம்' போன்ற சில பிரதிப்பெயர்களும், உடைமையைக் காட்டும் ஒரு 'எஸ்'ஸும் மட்டுமே. ஆகவே 'அலி சோ உமர்' என்பதை 'உமர் சோ அலி' என்று மாற்றினால் கண்டவர் மாறிவிடுவார். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. வேலை ஈற்றிலே இல்லை, இருக்கையிலே இருக்கிறது.

அறபு இலக்கணம் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. 'ழரப மூஸா ஈஸா' என்ற உதாரணத்தை அறியாத மத்ரஸா மாணவன் இல்லை. மூஸா, ஈஸா இரண்டு பெயர்களும் அலிபில் முடிவதால் ழம்மாவும் பத்ஹாவும் வெளியே தெரியாது. அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்று ஈற்றைக் கொண்டு சொல்ல வழியில்லை. அப்போது நஹ்வு அறிஞர்கள் என்ன சொன்னார்கள்? குழப்பம் வரும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் முன்னால் நிற்பதுதான் ஃபாஇல், பின்னால் நிற்பது மப்ஊல், மாற்றி வைக்கக் கூடாது என்றார்கள். மற்றெல்லா இடத்திலும் சொற்களை முன்பின்னாக நகர்த்தும் சுதந்திரம் உள்ள மொழியில், ஈறு மறைந்த இந்த ஒரு மூலையில் மட்டும் இடம் சட்டமாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த மூலையே முழு வீடு. அங்கு எல்லாப் பெயர்ச்சொல்லும் மூஸா, ஈஸாதான். இதை ஒரு மௌலவியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இதை ஏன் சேர் யாரும் முதல்ல சொல்லல்ல?" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு வரலாறு உண்டு. ஆங்கிலேயரே தமக்குள் அதைச் சொல்லிக்கொள்ளத் தாமதித்தார்கள். 1653இல் ஜோன் வொலிஸ் என்பவர் ஓர் ஆங்கில இலக்கணம் வெளியிட்டார். இவர் ஒக்ஸ்போர்டில் கேத்திர கணிதப் பேராசிரியராக இருந்தவர். முடிவிலிக்கு நாம் இன்று இடும் குறியை வழக்கில் கொண்டுவந்தவரும் இவர்தான். லத்தீன் வேற்றுமைகளை ஆங்கிலத்தின் மேல் ஏற்றுவது பொருந்தாது என்று வொலிஸ் வாதிட்டார். அதை அவர் எழுதியது லத்தீனில் என்பது வேடிக்கை. கணிதக்காரர் சொன்னதைப் பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. 1762இல் ரொபர்ட் லௌத்தின் சிறு இலக்கணமும், 1795இல் லிண்ட்லி மரேயின் இலக்கணமும் வந்தன. மரே அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து சென்று யோர்க் நகரில் குடியிருந்தவர். அங்குள்ள ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்காக எழுதிய நூல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பதிப்புக்கு மேல் பதிப்பாக ஓடியது.

இக்காலத்துப் பயிற்சிக்குப் பெயர் 'பார்சிங்'. பிள்ளை வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது என்ன வகைச் சொல், ஒருமையா பன்மையா, ஆண்பாலா பெண்பாலா, எந்த வேற்றுமை என்று ஒப்புவிக்க வேண்டும். 'உமர்' என்ற சொல் 'ஒப்ஜெக்டிவ் கேஸ்' என்று பிள்ளை சொல்லும். எப்படித் தெரியும் என்று கேட்டால், வினைக்குப் பின்னால் வந்திருக்கிறது என்று சொல்லும். அப்படியானால் வேலையை முதலில் இடத்தைக் கொண்டு அறிந்துகொண்டு, அதன்பிறகு இல்லாத ஒரு வேற்றுமைக்குப் பெயர் சூட்டுகிறோம். அறபில் ஈறு வேலையை அறிவிக்கிறது. பார்சிங்கிலோ வேலையை அறிந்தபின் ஈற்றைக் கற்பனை செய்கிறார்கள். ஒரு பிள்ளை எல்லாச் சொல்லையும் பிழையின்றிப் பார்ஸ் பண்ணிவிட்டு வாக்கியத்தின் பொருள் தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். இதைச் சொல்லி ஆங்கிலேயரைப் பரிகசிக்க எனக்கு வாய் இல்லை. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணத்தைப் பத்துப் புள்ளிக்கும் எழுதிவிட்டு, வாசிப்புப் பந்தியின் கீழுள்ள கேள்விக்கு விடை எழுத முடியாமல் பேனையைக் கடிக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு மாற்றம் வந்தது. ஜேர்மனியில் கார்ல் பெர்டினான்ட் பெக்கர் சொல்லை விட்டு வாக்கியத்தை அலகாக எடுத்து ஆராய்ந்தார். அந்தச் சிந்தனையை இங்கிலாந்துப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜே. டி. மொரெல். இவர் பாடசாலைப் பரிசோதகர். 1852இல் வந்த இவரது நூல் வாக்கியப் பகுப்பு என்பதையே தலைப்பாகக் கொண்டது. பார்சிங்கோடு 'அனாலிசிஸ்' என்ற புதிய பயிற்சியும் சேர்ந்தது. முழு வாக்கியத்தையும் முதலில் எழுவாய்ப் பகுதி, பயனிலைப் பகுதி என இரண்டாக வெட்டுவது, பிறகு ஒவ்வொன்றையும் உள்ளே பிரிப்பது என்பதே அதன் முறை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூட்டு என்ற கேள்வி ஆங்கில வகுப்பறைக்குள் ஒழுங்காக நுழைந்தது அப்போதுதான்.

அமெரிக்காவில் இதையே படமாக வரைந்தார்கள். 1847இல் ஸ்டீபன் கிளார்க் என்னும் ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் ஒரு பலூனுக்குள் போட்டுப் பலூன்களை ஒட்டினார். பார்க்க அழகு, கரும்பலகையில் வரைவது கஷ்டம். 1877இல் புரூக்ளினைச் சேர்ந்த அலொன்சோ ரீட், பிரெய்னெர்ட் கெலொக் என்ற இரு ஆசிரியர்கள் பலூனை உடைத்துக் கோடாக்கினார்கள். கிடையாக ஒரு கோடு. அதைக் குறுக்காக வெட்டும் நிலைக்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையில் கீழே இறங்காத அரைக்கோடு. செயப்படுபொருளுக்குப் பதிலாக 'ஹீ இஸ் எ டீச்சர்' என்பதில் வரும் 'டீச்சர்' போன்ற நிறைவுச்சொல் வந்தால், அந்தக் கோடு எழுவாயின் பக்கம் சாய்ந்திருக்கும், இந்தச் சொல் அவரைப் பற்றியதுதான் என்று கை காட்டுவதுபோல. அடைமொழிகள் எல்லாம் கீழே சாய்கோடுகளில் தொங்கும். நான் இதைத் தமிழ் வாக்கியத்துக்கும் வரைந்து பார்த்திருக்கிறேன். வெண்கட்டியோடு ஒரு பிள்ளையை முன்னுக்கு அழைத்து, 'இந்தச் சொல்லை எந்தச் சொல்லின் கீழ் தொங்கவிடுவாய்?' என்று கேட்டால், மனனம் செய்தவன் யார், விளங்கியவன் யார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்துக்குப் படம் வரவில்லை, அட்டவணை வந்தது. ஜே. சி. நெஸ்பீல்ட் வட இந்தியாவில் கல்விப் பகுதித் தலைவராக இருந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் வெளியான அவரது இலக்கண வரிசை ஆங்கிலம் படித்த மாணவர் தலைமுறைகளை ஆண்டது. என் மூத்தவாப்பாவின் றங்குப் பெட்டியிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே ஆங்கிலப் புத்தகமும் ஒரு நெஸ்பீல்ட்தான். அட்டை இல்லை. ஆனால் அனாலிசிஸ் அட்டவணை உள்ள பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கின்றன. எழுவாய், எழுவாயின் விரிவு, முற்றுவினை, அதன் நிறைவு, அதன் நீட்சி என்று நிரல்கள். ஓரத்தில் பென்சிலால் சில இடங்களில் அறபில் சிறிதாக எழுதியிருக்கிறார். முற்றுவினைக்கு நேரே 'பிஃலு', செயப்படுபொருளுக்கு நேரே 'மப்ஊல்'. பள்ளிவாசலில் ஓதியதையும் பள்ளிக்கூடத்தில் படித்ததையும் அவர் தனித்தனியாக வைக்கவில்லை. நெஸ்பீல்டுக்குப் பிறகு 1930களில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய நூல் அந்த இடத்தைப் பிடித்தது. இந்த ரென், பிரெஞ்சு அந்நியப் படை பற்றிய 'போ ஜெஸ்ட்' என்ற நாவலால் உலகப் பெயர் பெற்ற அதே பி. சி. ரென் என்பது பலருக்குத் தெரியாது. நமது தமிழ்ப் பாடநூல்களில் எழுவாய் அடை, பயனிலை அடை என்று வாக்கியத்தைக் கட்டம் போட்டுப் பிரிக்கும் பயிற்சியிலும் இந்த ஆங்கில அட்டவணையின் சாயலையே நான் காண்கிறேன். நமது உரையாசிரியர்கள் சென்ற வழி வேறு. பொருள்கோள் என்றும் கொண்டுகூட்டு என்றும் சொற்களை நகர்த்திச் சேர்த்துத்தான் அவர்கள் பொருள் கண்டார்கள். நகர்த்த முடிந்த மொழிக்கு ஏற்ற முறை அது.

இலங்கை முஸ்லிம்கள் இந்த அட்டவணைக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்தோம். ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் மிஷனரிகளின் கையில் இருந்தன. பிள்ளை மதம் மாறிவிடுமோ என்ற பயம் வீணான பயம் என்று சொல்லிவிட முடியாது. அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையில் 1882 முதல் இதைப் பற்றி எழுதினார், ஊர் ஊராகச் சென்று பேசினார். நாடு கடத்தப்பட்டு இங்கு வந்த ஒறாபி பாஷாவின் ஊக்கமும் வாப்பிச்சி மரைக்காரின் துணையும் சேர, 1892இல் மருதானையில் பாடசாலை எழுந்தது. அதுவே பின்னர் ஸாஹிறாவாயிற்று. மார்க்கக் கல்வியும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்பது அவர்கள் நிறுவிய செய்தி. கூரை ஒன்றானது. ஆனால் அந்தக் கூரையின் கீழ் அறபு இலக்கணம் ஒரு அறையிலும், தமிழ் இலக்கணம் ஒரு அறையிலும், ஆங்கில இலக்கணம் ஒரு அறையிலுமாக இன்றுவரை இருக்கின்றன. ஒரே பிள்ளைதான் மூன்று அறைக்கும் போய் வருகிறது.

அறைகளுக்கிடையில் கதவு இருந்திருந்தால் ஒரு பெரிய குழப்பத்தைத் தவிர்த்திருக்கலாம். 'யார் செய்தது என்று கேள், வரும் விடைதான் எழுவாய்' என்று தமிழ் வகுப்பிலும் சொல்கிறோம், ஆங்கில வகுப்பிலும் சொல்கிறார்கள். 'த லெட்டர் வொஸ் ரிட்டன் பை அலி' என்ற வாக்கியத்தில் எழுதியது அலி. ஆகவே எழுவாய் அலி என்று பிள்ளை எழுதும். ஆசிரியர் சிவப்புப் பேனையால் வெட்டுவார். பிள்ளை என்ன செய்யும், பாவம். சொன்னபடிதானே செய்தது. செய்பவன் வேறு, எழுவாய் வேறு. தொல்காப்பியர் இதில் தெளிவாக இருக்கிறார். வினையின் தொழில் நிகழத் தேவையானவற்றை எண்ணும்போது செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என்று அடுக்குகிறார். இவை நிகழ்ச்சியின் உறுப்புகள். எழுவாய் வேற்றுமையையும் அது கொள்ளும் ஆறு வகைப் பயனிலையையும் வேற்றுமையியலில் தனியே சொல்கிறார். அது வாக்கியத்தின் உறுப்பு. இரண்டையும் அவர் ஒரே கூடையில் போடவில்லை.

அறபு அறிஞர்கள் இன்னும் ஒரு படி நுணுக்கமாகப் பெயரிட்டார்கள். செயப்பாட்டு வினையில் உண்மையான ஃபாஇல் சொல்லப்படுவதில்லை. மப்ஊலாக இருந்த சொல் அந்த வெற்றிடத்துக்கு வந்து ரஃபையும் எடுத்துக்கொள்கிறது. அதற்கு 'நாஇபுல் ஃபாஇல்', அதாவது ஃபாஇலின் பிரதிநிதி என்று பெயர் வைத்தார்கள். அதிபர் லீவில் இருக்கும்போது பிரதி அதிபர் அந்தக் கதிரையில் இருந்து கையொப்பம் வைப்பதில்லையா, அதுபோல. ஆள் வேறு, கதிரை ஒன்று. ஆங்கில இலக்கணம் 'சப்ஜெக்ட்' என்று சொல்வது ஆளை இல்லை, கதிரையை. இந்த ஒன்று விளங்கினால் 'த லெட்டர்' எப்படி எழுவாயாகிறது என்று மௌலவிக்கு நான் விளக்கத் தேவையில்லை, அவர் எனக்கு விளக்குவார்.

சீபவைஹியைப் பற்றி மரபாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. பாரசீக வம்சத்தவரான அவர் பஸராவுக்கு ஹதீஸ் கற்க வந்தவர். ஹம்மாத் இப்னு ஸலமாவிடம் பாடம் கேட்கையில் ஒரு ஹதீஸில் 'லைஸ' என்ற சொல்லுக்குப் பின்வரும் 'அபத்தர்தாஃ' என்பதை 'அபுத்தர்தாஃ' என்று படித்துவிட்டார். 'லைஸ'வுக்குப் பின் வருவது அதன் எழுவாயாக இருந்து ரஃபு பெறும் என்பது அவர் கணக்கு. அந்த இடத்திலோ 'லைஸ' விதிவிலக்கைச் சொல்ல வந்தது, பெயருக்கு நஸ்பு. ஆசிரியர் பிழை என்றார். இனி யாரும் பிழை பிடிக்க முடியாத ஒரு கல்வியைத் தேடுகிறேன் என்று புறப்பட்டுக் கலீலிடம் போய்ச் சேர்ந்தாராம். அறபு இலக்கணத்தின் மாபெரும் நூல் ஒரு சொல்லின் வேலையைப் பிழையாகப் பிரித்ததிலிருந்து பிறந்தது என்பது இக்கதையின் சுவை. அறபைத் தாய்ப்பாலோடு பெறாத ஒருவர்தான் அதை எழுதினார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆங்கிலத்திலும் இதே நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில வாக்கியத்தை அதன் சொந்த உருவில் பார்த்துப் பெரிய இலக்கணங்கள் செய்தவர்களில் முன் நிற்பவர்கள் வெளியாட்கள். ஒட்டோ யெஸ்பர்சன் டென்மார்க்காரர். பவுட்ஸ்மாவும் க்ரவுசிங்காவும் ஒல்லாந்தர். ஏ. எஸ். ஹோர்ன்பி ஆங்கிலேயர்தான், ஆனால் ஜப்பானிய மாணவர்களுக்குப் படிப்பிக்கப்போய்த்தான் ஆங்கில வினைகளை 25 வாக்கியக் கோலங்களாக வகுத்தார். 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அவரது அகராதியே பின்னர் ஒக்ஸ்போர்ட் மாணவர் அகராதியாக நம் மேசைகளுக்கு வந்தது. தாய்மொழிக்காரனுக்குக் கண்ணில் படாத இருக்கை ஒழுங்கு வெளியிலிருந்து வருபவனுக்குத் தடுக்கி விழும் கல்லாகத் தெரிகிறது. தடுக்கியவன்தான் குனிந்து பார்ப்பான். அமெரிக்கரான சார்ல்ஸ் ப்ரீஸ் தன்னை வேண்டுமென்றே வெளியாளாக்கிக்கொண்டார். 1952இல் வெளியிட்ட நூலுக்காக ஏறத்தாழ 50 மணி நேரத் தொலைபேசி உரையாடல்களைப் பதிந்து, பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற பழைய பெயர்களையே தள்ளிவிட்டு, எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தி உட்காரும் என்பதை மட்டும் கொண்டு முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று இலக்கமிட்டார். அது கொஞ்சம் அதிகப்படி என்பது என் எண்ணம். ஆனால் லத்தீன் அச்சை உடைக்க அப்படி ஒரு சம்மட்டி தேவைப்பட்டது.

1972இலும் 1985இலும் ரண்டொல்ப் குவர்க் முதலிய நால்வர் செய்த பேரிலக்கணங்கள் வந்தபோது படம் தெளிந்துவிட்டது. எழுவாய், வினை, செயப்படுபொருள், நிறைவுச்சொல், இடம் காலம் முதலியவற்றைச் சொல்லும் அடை என்று ஐந்தே வேலைகள். அவை சேரும் அடிப்படைக் கோலங்கள் ஏழு. 'ஹீ புட் த புக் ஒன் த டேபிள்' என்பதில் கடைசி மூன்று சொல்லும் சேர்ந்து ஒரே வேலை. அதை நீக்கினால் வாக்கியம் நொண்டும். சொல்லின் வகை ஒன்று, வாக்கியத்தில் அதன் வேலை இன்னொன்று என்பது அந்த நூல்கள் அழுத்திச் சொல்லும் பாடம். 'டேபிள்' பெயர்ச்சொல்தான், ஆனாலும் இங்கு அடையின் உள்ளே இருக்கிறது. அறபில் 'இஸ்ம்' என்பதும் 'மப்ஊல்' என்பதும் ஒரே கேள்விக்கான விடைகளா? மத்ரஸாவில் முதலாம் வருடம் ஓதும் பிள்ளையும் இல்லை என்று சொல்லும்.

எழுவாயைக் கண்டுபிடிக்க ஆங்கிலத்திலேயே ஒரு நல்ல சோதனை உண்டு. வாக்கியத்தின் வாலில் 'அப்படித்தானே' என்று ஒரு கேள்வியை ஒட்ட வேண்டும். 'த லெட்டர் வொஸ் ரிட்டன் பை அலி, வொஸின்ட் இட்?' கடைசியில் வந்து நிற்கும் 'இட்' யாரைக் குறிக்கிறதோ அதுதான் எழுவாய். கடிதம்! 'இட் இஸ் ரெய்னிங், இஸின்ட் இட்?' இங்கே 'இட்' எதையும் குறிக்கவில்லை. மழை பெய்கிறது என்று நாம் சொல்வதில் இப்படி ஒரு வெறும் சொல்லுக்கு இடமில்லை. ஆங்கிலத்திலோ வினைக்கு முன்னுள்ள கதிரை காலியாக இருக்கக் கூடாது. உட்கார ஆளில்லாவிட்டால் ஒரு பொம்மையையாவது வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் 'இஸ் ரெய்னிங்' என்றும் 'ஹீ டீச்சர்' என்றும் எழுதுவதற்குச் சோம்பல் காரணமில்லை. 'அவர் ஆசிரியர்' என்ற தமிழும், முப்ததாவும் ஹபரும் மட்டுமே கொண்ட அறபு வாக்கியமும் அந்த வினை இல்லாமலே நிறைவானவை. இரண்டு மொழியின் நியாயமான பழக்கத்தைப் பிள்ளை மூன்றாவதற்குக் கொண்டுபோகிறது. இதை விளக்காமல் வெட்டிக்கொண்டே போனால் கொப்பி சிவக்கும், வேறொன்றும் நடக்காது.

இந்தப் பகுப்புப் பயிற்சி பிறகு மேல்நாட்டிலேயே செல்வாக்கிழந்தது. 1963இல் அமெரிக்காவில் பிரடொக் முதலியோர் வெளியிட்ட அறிக்கை, முறையான இலக்கணம் படிப்பிப்பதால் மாணவரின் எழுத்துத் திறன் வளர்வதில்லை, கெடவும் கூடும் என்றது. ரீட், கெலொக் கோடுகள் பல கரும்பலகைகளிலிருந்து அழிந்தன. பேச வை, உரையாட வை, இலக்கணம் தானாக வரும் என்ற போக்கு நம் நாட்டுக்கும் வந்தது. பேச வைப்பது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிக்கை பேசியது அமெரிக்கப் பள்ளிகளில் கட்டுரை எழுதும் மாணவரைப் பற்றி. வீட்டிலும் கடையிலும் பஸ்ஸிலும் ஆங்கிலம் காதில் விழும் பிள்ளைக்கு இருக்கை ஒழுங்கு தானாக வரும். வாரத்துக்கு சில பாடவேளை மட்டும் ஆங்கிலம் கேட்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? அவர்கள் தேவையில்லை என்று கழற்றி வைத்த ஊன்றுகோலை, நடக்கத் தொடங்காத நாமும் சேர்த்து எறிந்துவிட்டோம்.

சென்ற தவணை நண்பரின் பின்னேர வகுப்பில் அவர் அனுமதியோடு இரண்டு வாக்கியங்களை எழுதினேன். 'ஷீ மேட் ஹிம் எ கேக்'. 'ஷீ மேட் ஹிம் எ லீடர்'. சொல்லுக்குச் சொல் ஒரே அச்சு. இரண்டும் ஒரே அமைப்பா என்று கேட்டேன். பாடசாலைப் பிள்ளைகள் ஆம் என்றார்கள். பின்வரிசையில் இருந்த மௌலவி ஒருவர் மெதுவாக, "கடைசி ரெண்டு சொல்லையும் தனியா எடுத்தா முதலாவதுல முப்ததா ஹபர் வராதே சேர். அவன் கேக் இல்லத்தானே. ரெண்டாவதுல வருது, அவன் லீடர்" என்றார். பிறகு தாமாகவே சேர்த்துச் சொன்னார்: "இது அஃதா, ளன்ன வித்தியாசம்."

நண்பர் என்னைப் பார்த்தார். இரண்டு மப்ஊல்களைக் கொள்ளும் வினைகளை நஹ்வு நூல்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. 'அஃதா' போன்றவற்றில் இரு மப்ஊல்களும் ஒன்றுக்கொன்று அன்னியம். ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். 'ளன்ன', 'ஜஅல' போன்றவற்றில் அவ்விரண்டும் அடியில் முப்ததாவும் ஹபருமாக இருந்தவை. குவர்க்கின் ஏழு கோலங்களில் இரண்டு செயப்படுபொருள் உள்ள கோலமும், செயப்படுபொருளோடு நிறைவுச்சொல் வரும் கோலமும் பிரிவது இதே கோட்டில்தான். நெஸ்பீல்ட் 'பெக்டிடிவ்' வினை என்று தனியாகப் பெயரிட்டதும் இரண்டாவது வகையையே. தமிழில் சொன்னால் உருபே காட்டிக்கொடுக்கும். அவனுக்குக் கேக் செய்தாள், அவனைத் தலைவனாக்கினாள்.

அந்த மௌலவி அன்று முன்வரிசைக்கு வந்துவிட்டார். பிள்ளைகளும் உற்சாகமாகி ஆளுக்கொரு வாக்கியம் சொல்லத் தொடங்கினார்கள். தரம் பதினொன்றில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, "அப்ப இது, சேர்?" என்று கேட்டு 'கோல் ஹிம் எ டொக்டர்' என்று எழுதினாள். அவனுக்கு ஒரு டொக்டரைக் கூப்பிடு என்றார்கள் பாதிப்பேர். அவனை டொக்டர் என்று கூப்பிடு என்றார்கள் மீதிப்பேர். மௌலவி இரண்டு பக்கமும் தலையாட்டி, ரெண்டும் சரி என்றார். அது எப்படி ரெண்டும் சரியாக இருக்கலாம் என்று வாக்குவாதம் எழும்பி, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை நடந்தது.